படத்துக்குக் கீழே எழுதிய நேரம்

நான் எட்டு வருடம் வேலை செய்த புகைப்பட நடை நிறுவனம், புதிய வழிகாட்டிகளுக்காக ஒரு கையேடு தயாரிக்கிறது. படங்களுக்குக் கீழே குறிப்பு எழுதுவது எப்படி என்று இரண்டு பக்கம் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். இரண்டு முறை எழுதினேன், அனுப்பவில்லை. மூன்றாவது முறை உட்கார்ந்தபோது வந்தது இதுதான். கையேட்டில் இதைச் சேர்க்க மாட்டார்கள். அதனால் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

அதற்கு முன் முப்பத்தொரு வருடம் ஒரு தமிழ் நாளிதழில் புகைப்படக்காரனாக இருந்தேன். இருட்டறையில் படம் கழுவும் வேலையில் சேர்ந்து, இரண்டாம் வருடம் கேமராவைக் கையில் வாங்கினேன். கற்றுக்கொண்டது பெரும்பாலும் திட்டு வாங்கித்தான். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். கிள்ளானில் ஒரு சாலை விபத்தில் அண்ணன் தம்பி இருவரில் தம்பி இறந்துவிட்டான். வீட்டில் கொடுத்த இரண்டு படங்களையும் கொண்டுவந்தேன். பெயர்களை மாற்றி எழுதிவிட்டேன். மறுநாள் அவர்களுடைய அம்மா உயிரோடிருந்த மகனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். படப்பிரிவு ஆசிரியர் மாணிக்கத்தின் மேசைக்கு முன்னால் அவனை நிறுத்தினார்.

"பாருங்க சார், உங்க பேப்பர்ல செத்தது இவன்தான்."

மாணிக்கம் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. அன்று முதல் நான் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும், அச்சாகாத படத்துக்கும்கூட, முழுப்பெயர், வயது, ஊர், தேதி, நேரம் ஐந்தையும் எழுதித் தன் மேசையில் வைக்கச் சொன்னார். அவர் ஓய்வு பெற்ற பிறகும் எழுதிக்கொண்டிருந்தேன். பத்திரிகை படப்பிரிவை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பிய வாரத்தில்கூட எழுதினேன்.

அதன் பிறகுதான் இந்த நடை வேலை. கேமரா வைத்திருக்கும் எட்டுப் பத்துப் பேரை மெர்டேக்கா சதுக்கத்தைச் சுற்றி அழைத்துப்போய், எங்கே நின்று எதைப் படமெடுப்பது என்று காட்ட வேண்டும். கடைசியில் சதுக்கத்தின் வடக்கே இருக்கும் பழைய தேவாலயத்துக்குள் கூட்டிப்போக வேண்டும். புதன்கிழமையும் சனிக்கிழமையும். பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டிலிருந்து கிளம்பினால் ஏழே முக்காலுக்கு நீரூற்றின் பக்கத்தில் நிற்பேன். வருகிறவர்கள் எட்டு மணிக்கு வருவார்கள்.

முதல் வேலை, எல்லோருடைய கேமரா நேரத்தையும் சரிபார்ப்பது. எதிரே இருக்கும் கடிகாரக் கோபுரத்தைப் பார்த்து எல்லோரும் ஒரே நேரத்தை வைக்க வேண்டும். வேறெந்த நடையிலும் இப்படிச் செய்வதில்லை என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். சிலர் சிரிப்பார்கள். ஒருவர், "என்ன அங்கிள், பள்ளிக்கூடப் பரீட்சையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பிறகு வெளிச்சம். காலையில் வெயில் கடிகாரக் கட்டடத்துக்குப் பின்னாலிருந்து வரும். முகப்பு இருட்டாகத்தான் இருக்கும். பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்கள் அதை நேராக எடுத்துவிட்டுக் கேமராவைக் குறை சொல்வார்கள். அவர்களைத் திருப்பி நிறுத்தி, கோபுரத்தின் நிழல் புல்வெளியில் விழுவதைக் காட்டுவேன். கொடிக்கம்பத்தை முழுதாக எடுக்க யாராவது ஒருவர் தரையில் மல்லாந்து படுப்பார். காவலர் விசில் அடிப்பார். முக்காலியை விரித்தாலும் விசில்தான். பத்து மணி வாக்கில் எல்லோரும் வேர்த்துப்போய் நிழல் தேடுவார்கள். அப்போது தேவாலயத்துக்குப் போவோம்.

அங்கே என் விதிகள் கடுமையானவை. முதல் பத்து நிமிடம் கேமராவைத் தொடக் கூடாது, உட்கார வேண்டும். பிளாஷ் கூடாது. கும்பிடுகிறவர்களை எடுக்கக் கூடாது. யாருடைய முகத்தை எடுத்தாலும் அவரிடம் சொல்லி, பெயர் கேட்டு எழுத வேண்டும். நம் ஆட்கள் வந்தால் வாசலிலேயே செருப்பைக் கழற்றுவார்கள். வேண்டாம் என்றால் கேட்க மாட்டார்கள். வெள்ளைக்காரர்கள் காலணியோடு உள்ளே போவார்கள், நம்மவர்கள் வெறுங்காலோடு பின்னால் போவார்கள். எட்டு வருடமும் இதில் மாற்றமில்லை.

நிறுவனத்தை நடத்தியவர் ஜெசிந்தா. நாற்பது வயது. முன்பு விமானப் பணிப்பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நடைக்கு வந்த ஒவ்வொருவரின் பெயரும் மறுநாள் அவருக்கு நினைவிருக்கும். ஒரு வழிகாட்டியின் சட்டையில் பொத்தான் இல்லையென்றால் அவரிடம் சொல்ல மாட்டார், அடுத்த நடைக்கு முன் புதுச் சட்டை மேசையில் இருக்கும். ஏதாவது கேட்டுப் போனால், முடியாது என்று சொல்வதற்கு முன் தண்ணீர் பாட்டில் ஒன்றைத் திறந்து நம் கையில் கொடுப்பார். நாம் குடிக்கும்போது காரணம் சொல்வார். பாட்டில் வந்தாலே பதில் தெரிந்துவிடும். விடுப்புக் கேட்டு நான் பல பாட்டில்கள் குடித்திருக்கிறேன்.

இனி நான் சொல்ல வந்த புதன்கிழமை.

அன்று வந்தவர்களில் பினாங்கைச் சேர்ந்த பல் மருத்துவர் ஒருவர் இருந்தார். முந்தின வாரம்தான் ஜப்பான் போய் வந்திருந்தார். அவருடைய கேமரா ஜப்பான் நேரத்தில், நம் நேரத்துக்கு ஒரு மணி முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. நீரூற்றின் பக்கத்தில் அதைக் கண்டுபிடித்து மாற்ற வைத்தேன். அவரும் மாற்றினார்.

பத்தரைக்குத் தேவாலயத்துக்கு வந்தோம். வாசற்படியில் ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு, பக்கத்தில் மடித்துவைத்த கையுறை. உள்ளே மூன்றாவது வரிசையில் துப்புரவுப் பணியாளரின் சீருடையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். கும்பிடவில்லை. இரண்டு கைகளையும் முழங்கால் மேல் வைத்து, பாதங்களை முன்பலகையின் கட்டையில் ஏற்றியிருந்தார். பக்கவாட்டு ஜன்னலிலிருந்து வந்த வெளிச்சம் அவருடைய முகத்தின் பாதியிலும் உள்ளங்கால்களிலும் விழுந்தது. எங்கள் பத்து நிமிடம் முடிந்ததும் மருத்துவர் எடுக்க ஆரம்பித்தார். அவசரப்படாமல் எடுத்தார். பார்த்ததுமே தெரிந்தது, நல்ல படம்.

நான் போய் அந்த அம்மாவிடம் சொன்னேன். மருத்துவரின் கேமராத் திரையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கால இறக்கிருப்பேன்லா அண்ணே, சொல்லிருந்தா. அழுக்கா இருக்கு."

பெயர் பார்வதி, செந்தூல் என்றார். வயது ஐம்பத்துமூன்று என்று சொல்லிவிட்டு, "ஐசில ஐம்பத்துநாலு" என்று அடையாள அட்டைப்படி திருத்தினார். ஐம்பத்துநாலு என்று எழுதினேன். எதற்கு என்று கேட்டார். சின்னக் கண்காட்சி வைத்தால் அதில் இருக்கும் என்றேன். வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கோயிலுக்குப் போகாமல் இங்கே ஏன் என்று கேட்டேன், பத்திரிகைக்காரன் வழக்கத்தில்.

"இங்க உக்காந்தா யாரும் என்ன வேலைன்னு கேக்க மாட்டாங்க. முட்டி வலி. ஆபீஸ்ல உக்காந்தா சூப்பர்வைசர் கேமராவுல பாத்து சத்தம் போடுவான்."

பெயர், வயது, ஊர் மூன்றையும் அவர் கொடுத்தார். தேதியையும் நேரத்தையும் நான் படக்கோப்பிலிருந்து எடுத்துக்கொண்டேன். நேரத்தைப் போடலாமா என்று அவரிடம் கேட்கவில்லை. யாரிடமும் கேட்டதில்லை.

இரண்டு மாதம் கழித்து பிரிக்பீல்ட்ஸில் ஒரு வணிக வளாகத்தின் தரைத்தளத்தில் எங்கள் நிறுவனம் கண்காட்சி வைத்தது. நடுவில் பெரிய அளவில் இந்தப் படம். கீழே நான் எழுதிய அட்டை: பார்வதி, 54, செந்தூல். தேதி. காலை மணி 10.41. பலர் அதன் முன் நின்றார்கள். முகநூலில் போட்டார்கள். பகிர்ந்தவர்கள் அட்டையையும் சேர்த்துப் படமெடுத்துப் போட்டார்கள். அட்டை அழகாக இருந்தது என்று ஜெசிந்தாவே சொன்னார்.

அடுத்த புதன்கிழமை காலை பார்வதி நீரூற்றுக்கு வந்தார். அன்று வந்தவர்கள் கொடிக்கம்பத்தை எடுக்கப் போகும்வரை தள்ளியே நின்றார். பிறகு ஒரு கடிதத்தை நீட்டினார். அவர் சதுக்கத்தை ஒட்டிய ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்தார். கட்டடத்துக்கு ஆள் கொடுப்பது ஒரு குத்தகை நிறுவனம். ஓய்வு நேரம் ஒன்பதரையிலிருந்து ஒன்பது ஐம்பது வரை. முகநூலில் படத்தையும் அட்டையையும் பார்த்துவிட்டு, பத்து நாற்பத்தொன்றுக்கு வேலையை விட்டு வெளியே இருந்ததற்குக் காரணம் கேட்டிருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருக்கிறார், இரண்டும் உட்கார்ந்ததற்கு. இது மூன்றாவது. அதோடு மாதக் கடைசியில் குத்தகை கைமாறுகிறது. புதிதாக வருகிற நிறுவனம் பழைய ஆட்களில் பதிவேடு சுத்தமாக இருப்பவர்களை மட்டும் எடுத்துக்கொள்ளும். பதினொரு வருடமாக அந்தக் கட்டடத்தில் இருக்கிறார். கணவர் இல்லை. மகள் தாதியர் படிப்பில் கடைசி வருடம்.

படம் ஓய்வு நேரத்தில் எடுத்தது, போட்டோக்காரர்கள் மணியைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று அவர் பதில் சொல்லியிருந்தார். அப்படியானால் அவர்களிடமிருந்தே ஒரு கடிதம் கொண்டு வா என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"ஒரு வரி போதும் அண்ணே. கேமரா மணி தப்புன்னு. அவங்ககிட்ட வேற ஒண்ணும் இல்ல, நீங்க எழுதுன அட்டை மட்டும்தான்."

ஆபீசில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அன்று மதியம் ஜெசிந்தாவிடம் போனேன். பாட்டிலை எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்தேன். உள்ளுக்குள் அதை விரும்பினேன் என்றுகூடச் சொல்லலாம். பாட்டில் வரவில்லை. அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு மருத்துவருக்குத் தொலைபேசியில் பேசினார். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

"டாக்டர் ஓகே சொல்லிட்டாரு அங்கிள். கேமரா ஜப்பான் டைம்லயே இருந்துச்சுன்னு எழுதிடுவோம். ஒரு மணி கழிச்சா ஒம்பது நாப்பத்தொண்ணு. அவங்க பிரேக் டைம்லயே வந்துடும். நீங்க ஸைன் பண்ணா போதும், நீங்கதானே அட்டை எழுதுனது."

அதை மாற்ற வைத்தது நான்தான், எட்டு மணிக்கு நீரூற்றின் பக்கத்தில் என் கண் முன்னால் மாற்றினார் என்றேன்.

"அது உங்களுக்கும் டாக்டருக்கும் மட்டும்தானே தெரியும்."

முப்பத்தொரு வருடம் என்று ஆரம்பித்து நான் நிறையப் பேசினேன். தப்பென்று தெரிந்து ஒரு குறிப்பில் கையெழுத்துப் போட்டதில்லை என்றேன். மாணிக்கத்தைப் பற்றிக்கூடச் சொன்னேன். ஜெசிந்தா முழுவதும் கேட்டார். பிறகு, அப்படியானால் உங்களால் என்ன எழுத முடியுமோ அதை எழுதுங்கள், முத்திரை வைத்துத் தருகிறேன் என்றார்.

நான் எழுதினேன். மலாய் மொழியில், ஒரு பக்கம். எங்கள் படங்களில் பார்வதி இருப்பது எட்டு நிமிடம் மட்டுமே என்று எழுதினேன். முதல் படம் 10.41, கடைசிப் படம் 10.49. அவர் தூங்கவில்லை, பேசவில்லை, முட்டி வலிக்காக உட்கார்ந்திருந்தார், கையுறையை மடித்து ஒழுங்காக வைத்திருந்தார். எட்டு நிமிடத்துக்காகப் பதினொரு வருட வேலையைப் பறிப்பது நியாயமாகாது. எட்டு நிமிடம் என்பது உறுதியா என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக, எல்லாக் கேமராக்களின் நேரமும் அன்று காலை கடிகாரக் கோபுரத்தோடு சரிபார்க்கப்பட்டது என்று ஒரு வரி சேர்த்தேன். நல்ல கடிதம் என்றுதான் நினைத்தேன். எழுதி முடித்தபோது பெருமையாகவும் இருந்தது.

மறுநாள் பார்வதி வந்தார். உறையை ஒட்டி முத்திரை வைத்துக் கொடுத்தேன். எழுதிட்டீங்களா அண்ணே என்று கேட்டார்.

"எல்லாம் எழுதிருக்கேன்," என்றேன்.

அவர் உறையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நான் சொன்னதை அவர் எப்படிப் புரிந்துகொள்வார் என்று அந்த நொடியில் எனக்குத் தெரியும். திருத்தவில்லை. கடிதத்தில் ஒரு பொய்யும் இல்லை. அதைக் கொடுத்தபோது நான் சொன்ன இரண்டு சொல்லுக்கு என்ன பெயர் என்று வாசிப்பவர்கள் முடிவு செய்துகொள்ளலாம்.

இரண்டு வாரம் அந்த நீலச் செருப்பு தேவாலயப் படியில் இல்லை. மூன்றாவது வாரம், அதே சீருடையில் நடைபாதையைப் பெருக்கிக்கொண்டிருந்த இன்னொரு பெண்ணிடம் கேட்டேன். அவர் துடைப்பத்தை நிறுத்தாமல், "லெட்டர் குடுத்தது நீங்கதானே?" என்றார். அதிலிருந்த நேரத்தைப் பார்த்ததும் விசாரணையை அன்றே முடித்துப் பார்வதியை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்களாம். அதுவரை அவர்களிடம் இருந்தது வெறும் அட்டைதான். முத்திரை வைத்த சாட்சி அதற்குப் பிறகுதான் கிடைத்தது.

அலுவலகத்துக்குப் போய் ஜெசிந்தாவிடம் சொன்னேன். அவர் ஒரு தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் கையில் கொடுத்தார். நான் எதுவும் கேட்கவில்லை, ஆனாலும் கொடுத்தார்.

நான் வேலையை விட்டுவிடவில்லை. மேலும் இரண்டு வருடம் நடத்தினேன். அட்டையில் நேரம் போடுவதை நிறுத்தினேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை, நேரம் இல்லாததை யாரும் கவனிக்கவுமில்லை. அந்தப் படம் இப்போது மருத்துவரின் கிளினிக்கில் மாட்டியிருக்கிறது. பல் பிடுங்கக் காத்திருப்பவர்கள் அதைப் பார்க்கலாம்.

எட்டு மாதம் கழித்துத்தான் பார்வதியைத் தேடிப் போனேன். செலாயாங் மொத்தச் சந்தையில் வெங்காயக் கிட்டங்கி ஒன்றில் இருப்பதாகத் துடைப்பக்காரப் பெண் சொல்லியிருந்தார். காலை பதினொரு மணி. லோரி இறக்கி முடிந்திருந்தது. ஏழெட்டுப் பெண்கள் நின்றபடியே மேசையில் வெங்காயத்தைக் கொட்டி, அழுகியதை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலோர் வெளிநாட்டுப் பெண்கள். பார்வதி கடைசியில் நின்றார். உட்கார அங்கே எதுவும் இல்லை.

என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். கை நிற்கவில்லை. முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இருக்கு என்றார். மகள் படிப்பு? அதுவும் இருக்கு, பகுதி நேரமாக ஒரு மருந்துக் கடையில் நிற்கிறாள் என்றார். நான் வரும் வழியில் தயாரித்து வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். நான் நல்லதென்று நினைத்துத்தான், எட்டு நிமிடம் என்று காட்டினால் அவர்கள் மனம் இளகும் என்று. அவர் ஒரு வெங்காயத்தைத் திருப்பிப் பார்த்துக் கூடையில் போட்டார்.

"அந்தக் கடுதாசிய என் முன்னாடிதான் பிரிச்சு படிச்சாங்க. நான் பக்கத்துல சிரிச்சுக்கிட்டு நின்னேன் அண்ணே. நல்லா எழுதிருக்காருன்னு நெனச்சிக்கிட்டு."

அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

"பொய் எழுத மாட்டீங்க, சரி. அது உங்க இஷ்டம். எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா. நான் குடுத்திருக்க மாட்டேன். அட்டை தப்புன்னு கடைசிவரைக்கும் நானே சண்ட போட்டிருப்பேன்."

உள்ளேயிருந்து கடைக்காரர் எட்டிப் பார்த்தார். தொப்பியும் கைலியும் அணிந்த நடுவயதுக்காரர். கோபமாகத் தெரியவில்லை, ஆனால் கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"யாரும்மா அது, வேலை நேரத்துல?"

பார்வதி தலையை நிமிர்த்தவேயில்லை.

"தெரியாத ஆளு பாஸ். பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேக்குறாரு."

பிறகு என் பக்கம் திரும்பி, கையுறை போட்ட கையை நீட்டி, நேராப் போயி இடது பக்கம் என்றார். என் கார் எதிர்த் திசையில் நின்றது. கடைக்காரர் இன்னும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நன்றிம்மா என்று அவருக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, பார்வதி காட்டிய திசையில் நேராகப் போய் இடது பக்கம் திரும்பினேன்.